ஒரு தடவைதான் கேட்டார்கள்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து போன வாரத்தோடு எட்டு வருஷம் முடிந்தது. அதே நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாழ்த்து ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த கட்டுரைகள் மூன்றும் தேறவில்லையாம். என்னைப் படிப்பில் தொடர விடுவதா, வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்ய ஒரு குழு கூடுகிறதாம். விரும்பினால் நேரில் வந்து என் தரப்பைச் சொல்லலாமாம். இந்த 'விரும்பினால்' என்ற சொல்லை இவர்கள் எவ்வளவு நயமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதினால் அதையும் ஃபெயில் போடுவார்கள்.

நாகலூரில் என் அம்மா சர்ச் விட்டு வெளியே வரும்போதெல்லாம், "எம்பொண்ணு சீமையில காலேஜ் படிக்கறாளுங்க" என்று ஆளைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மலையில் இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவளிடம் மாட்டியிருப்பீர்கள். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். சேதி பஸ் ஏறி மலைக்கு வந்து சேரும்போது அதற்குக் கையும் காலும் முளைத்திருக்கும்.

எனக்கு வயது முப்பத்தெட்டு. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்பது வருஷம் சயின்ஸ் டீச்சர். இங்கே வந்ததும் என் பட்டத்தை வாங்கிப் பார்த்த ஆபீஸர், அதை மறுபடி உறையில் போட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். அங்கிருந்த ஒரு சிஸ்டர்தான், நீ படித்தவள், நர்சிங் சேரலாமே என்று பிடித்துத் தள்ளினாள். இடம் கிடைத்தது. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. துடைப்பத்தை விட்டுவிட்டுப் போனேன், அந்த வேலைக்கு அடுத்த வாரமே வேறு ஆள் வந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். போன வருஷம் முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது முக்கால்வாசி நேரம் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். எங்கள் மகள் ரூபிக்குப் பதின்மூன்று வயது. இந்தப் படிப்பு போனால் எங்கள் மூன்று பேருக்கும் அடுப்பு எரிய வேறு வழி இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் நினைத்தேன். வேறெதுவும் நினைக்கத் தோன்றவில்லை.

2

எனக்குப் படிக்கத் தெரியாது என்று இந்த வயதில் கண்டுபிடித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சேலத்தில் காலேஜில் நான் படித்த விதம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். புரொபசர் நோட்ஸ் சொல்லுவார், எழுதிக்கொள்வோம். ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே சத்தம் போட்டு உருப்போடுவோம். வராந்தாவின் இந்த முனையில் தவளையின் இதயம் தொடங்கினால் அந்த முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடும். பரீட்சையில் அதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதுபவள் கெட்டிக்காரி. நான் கெட்டிக்காரி. அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ரைட்டர் மகள் என்றால் சும்மாவா என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு.

இங்கே முதல் நாள் வகுப்பில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து பேசத் தொடங்கினார். எது பாடம், எது பேச்சு என்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், அவருடைய நாய் சோபாவைக் கடித்த கதையும் அதில் இருந்தது. அதற்கும் கோடு போட்டு வைத்திருந்தேன்.

படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று ஒரு தாள் நிறையக் கொடுத்தார்கள். முதல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன், அதை எழுதியவருக்கு அவ்வளவு மரியாதையாவது செய்ய வேண்டாமா. கூடப் படிக்கும் பெண்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, வேண்டிய இரண்டு பக்கத்தை மட்டும் கொத்திக்கொண்டு போனார்கள். நான் முன்னுரையைத் தாண்டுவதற்குள் அவர்கள் கட்டுரையே முடித்துவிட்டார்கள். இரண்டு அத்தியாயம் பைஹார்ட் பண்ணிவிட்டேன் என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். அது என்ன வியாதி என்பதுபோல் பார்த்தார்கள்.

முதல் வருஷத்தை எப்படியோ உருப்போட்டே தாண்டிவிட்டேன். இரண்டாம் வருஷக் கட்டுரைக்குக் கேள்வி வரும், கடைசியில் 'விவாதிக்க' என்று இருக்கும். யாரோடு விவாதிப்பது? பெரிய பெரிய ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் வரிசையாக, அடக்கமாக எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால், 'இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பேந்தப் பேந்த விழித்தேன். பரீட்சைப் பேப்பரில் நான் எதற்கு இருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று.

3

இப்போது வேறொன்றைச் சொல்ல வேண்டும். இது படிப்புக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சின்ன வயதில் கரடியூரில் ஒரு மேஸ்திரி வீட்டுக்கு அம்மா என்னைக் கூட்டிப்போவாள். நாகலூரிலிருந்து காப்பித் தோட்டத்துக் குறுக்குவழியில் நடந்து போவோம். போய்ச் சேரும்போது வயிறு ஒட்டிப்போயிருக்கும். வாசல் வருவதற்கு முன்னால் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்துவாள். "ஊட்டுக்குள்ள போனதும் சாப்டியான்னு கேப்பாங்க. ஆச்சுங்கன்னு சொல்லோணும். தெரியுதா?" என்பாள்.

உள்ளே போனதும் மேஸ்திரி வீட்டு அக்கா கேட்பாள். "சாப்டியா கண்ணு?"

"ஆச்சுங்க."

"ரெண்டு வாய் சாப்புடு சாமி. நொம்ப தூரம் நடந்து வந்திருக்கற."

"வேணாமுங்க, வயிறு ரொம்பிருச்சுங்க."

"அட, சும்மா உக்காரு. பச்சப்புள்ள மூஞ்சியப் பாத்தா தெரியாதா எனக்கு?" என்று சொல்லும்போதே தட்டு வந்துவிடும். சோறும் கொள்ளு ரசமும். மூன்றாவது தடவை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. முதல் தடவை கேட்பது அவர்கள் மரியாதை, மறுப்பது என் மரியாதை. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அங்கே 'வேண்டாம்' என்பது பேச்சின் தொடக்கம். எடுத்த எடுப்பிலேயே 'ஆமாங்க, பசிக்குது' என்று சொல்கிற பிள்ளையை ஊரே சிரிக்கும், அதன் அம்மாவுக்குத்தான் கெட்ட பேர்.

இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நன்றி என்றேன். நல்லது என்று சொல்லித் தனக்கு மட்டும் ஒரு கப் போட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து குடித்தாள், பிஸ்கட்டும் தொட்டுக்கொண்டாள். நல்ல மனுஷிதான், இன்றைக்கும் சிநேகமாக இருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்து செல்வராஜிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது அது வெறும் டீ, அதனால் சிரிக்க முடிந்தது.

4

எனக்கு ஆசிரியையாக, என் படிப்பைக் கவனிக்கும் பொறுப்பில் ஒருவர் உண்டு. பெயர் ஜேனட். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேடம் என்றால் அவர் முகம் சுருங்கியது. கடைசியில் ஒன்றும் கூப்பிடாமல், தொண்டையைச் செருமிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது என்று பழகிக்கொண்டேன். எனக்கு நிரந்தரமாகச் சளி என்று அவர் நினைத்திருக்கலாம்.

அவ்வப்போது அவர் அறைக்குக் கூப்பிடுவார். மெத்தை போட்ட நாற்காலி, சன்னலில் ஒரு செடி. "எப்படிப் போகிறது, எஸ்தர்? பாடம் புரிகிறதா? ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பார். குரலில் நிஜமான அக்கறை இருக்கும்.

என் முதுகு தானாக நிமிரும். "எல்லாம் நன்றாகப் போகிறது. உதவி ஒன்றும் வேண்டாம். நன்றி" என்பேன்.

சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். உள்ளுக்குள் எல்லாம் தயாராக இருக்கும். விவாதிக்க என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை, ஒரு நல்ல கட்டுரையை என் கண்ணில் காட்டுங்கள், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வேன் என்று இங்கிலீஷில் வாக்கியம் கூடக் கட்டி வைத்திருப்பேன். அவர் இன்னொரு தடவை கேட்டால் போதும். அவரோ, "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லி, எதிரே இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் கதவுக்கு வெளியே நின்று, ஏன் இந்த அம்மாள் மறுபடி கேட்கவில்லை, என் மூஞ்சியைப் பார்த்தால் தெரியவில்லையா என்று வருத்தப்பட்டிருக்கிறேன். கொஞ்சம் கோபமும் வந்திருக்கிறது.

இதற்கென்றே அங்கே ஓர் அறை இருக்கிறது, அதுதான் கொடுமை. தாழ்வாரத்தின் கோடியில் மஞ்சள் கதவு. படிக்கத் திணறுகிறவர்கள் போய் உட்கார்ந்தால் ஒருத்தர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பார். குறிப்பு எடுப்பது எப்படி, புத்தகத்தில் தேடுவது எப்படி, கட்டுரையைத் தொடங்குவது எப்படி. எல்லாம் இலவசம். கதவில் ஒரு தாள் தொங்கும், அதில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். எல்லார் கண்ணிலும் படும்படி 'எனக்குத் தெரியாது' என்று கையெழுத்துப் போடுவதாகத்தான் எனக்கு அது தோன்றியது. அந்தக் கதவு வரைக்கும் பலமுறை நடந்து போயிருக்கிறேன், பக்கத்தில் இருந்த கழிப்பறைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

என் வகுப்பில் கேரன் என்று ஒரு பெண், பத்தொன்பது வயது. வாராவாரம் அந்த அறைக்குப் போவாள். "நான் சரியான மக்கு, யாராவது தலையில் தட்டிச் சொன்னால்தான் ஏறும்" என்று எல்லாரும் இருக்கும்போது சத்தமாகச் சொல்லிவிட்டு, சிப்ஸ் தின்றபடியே போவாள். அவள் கட்டுரைகள் எல்லாம் தேறின. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் நம் பள்ளிக்கூடத்தில் அழுத பிள்ளைக்குக் கிடைத்தது வேறு. "புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டால் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று அறுபது வாயும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். தனியாக எழுந்து நின்று புரியவில்லை என்றவளுக்கு அதிகப்பிரசங்கி என்று பெயர். நான் டீச்சரானபோதும் அப்படித்தான் கேட்டேன், அந்த ஒரே குரல் பதிலைக் கேட்டு நிறைவாகத்தான் வீடு திரும்பினேன்.

5

கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வெள்ளையம்மா நினைப்பாகவே இருக்கிறது.

பி.யு.சி. படிக்கச் சேலத்துக்கு இறங்கியபோது ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் அவள். எங்கள் மலையிலேயே தலைச்சோலை என்ற ஊர்க்காரி. அவள் ஊரிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் பெண். சாமையும் காப்பியும் போடுகிற குடும்பம், அவள் அப்பா தலையில் டிரங்குப் பெட்டியோடு வந்து விட்டுவிட்டுப் போனார். பள்ளியில் முழுக்கத் தமிழில் படித்தவள். காலேஜ் வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ். நானாவது மிஷன் பள்ளியில் வெள்ளைக்கார சிஸ்டர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு அது தகரத்தின் மேல் மழை பெய்கிற சத்தம், அவ்வளவுதான்.

கெமிஸ்ட்ரி மேடம் ஒரு நாள் அவளை நிறுத்திக் கேட்டார், புரிகிறதா என்று. "புரியுதுங்க" என்றாள். வார்டன் கேட்டார், ஏதாவது கஷ்டமா என்று. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவர்களும் விட்டுவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கிச் சேலத்துக்கு வந்தாலே இரண்டாவது தடவை கேட்கிற வழக்கம் நின்றுபோகிறது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. வராந்தாவில் நான் உருப்போடும்போது என் பின்னாலேயே நடந்து, நான் சொல்வதை அப்படியே சொல்லிப் பார்ப்பாள். அர்த்தம் தெரியாமல் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொள்வாள். எனக்கும் அர்த்தம் பாதிதான் தெரியும், ஆனால் எனக்குச் சத்தம் நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு நான் பாஸாகிவிட்டேன்.

ஆயுத பூஜை லீவுக்கு ஒரே பஸ்ஸில் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் வந்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. லீவு முடிந்தது, அவள் திரும்பி வரவில்லை. கட்டிலுக்கு வேறு பெண் வந்தாள். காலேஜில் யாரும் அவளைத் தேடி ஆள் அனுப்பவில்லை, படிக்க இஷ்டமில்லை போலிருக்கிறது என்று வார்டன் சொன்னார். அவளைப்போல் படிக்க இஷ்டப்பட்டவளை நான் பார்த்ததில்லை.

நான் டீச்சரான பிறகு, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கூடையில் பேரிக்காய் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கறனுங்க. நீங்க சௌக்கியமுங்களா?" என்றாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக் குளித்தவள், ஒரே ஊறுகாய்ப் பாட்டிலைப் பங்கு போட்டவள், எனக்கு 'ங்க' போட்டுப் பேசினாள். அன்று பேரிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் மக்கு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அவளுக்கு என்னதான் நடந்தது என்று எனக்கு இவ்வளவு காலம் தெரியாது. இந்த இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டேன். முழு வகுப்புக்கும் புரிகிற ஒன்று உனக்கு மட்டும் புரியாதபோது, உள்ளே ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாப்பிடும்போதும் அது கூடவே இருக்கிறது. ஒருத்தர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதைவிட பஸ் ஏறிப் போய்விடலாம் என்று இருக்கிறது. எனக்கு ஏறிப் போக பஸ் இல்லை.

6

குழு கூடிய நாளில் நல்ல புடவையை எடுத்து, மறுபடி மடித்து வைத்துவிட்டு, கோட்டும் ஸ்கர்ட்டும் போட்டுக்கொண்டு போனேன். நீள மேஜை. நடுவில் நரைத்த தலையோடு தலைவர், பக்கத்தில் இரண்டு பேர், ஓரத்தில் ஜேனட். எல்லாரும் எழுந்து கை கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "படிப்பைப் பாதிக்கிற மாதிரி ஏதாவது நடந்ததா? உடம்பு சரியில்லாமல் இருந்ததா? வீட்டில் ஏதாவது கஷ்டமா? அப்படி இருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள எங்களுக்கு வழி இருக்கிறது."

அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அது எனக்கு இப்போது தெரிகிறது. வீட்டில் என் புருஷன் ஒரு வருஷமாக முதுகைப் பிடித்துக்கொண்டு பாயில் படுத்திருக்கிறார். அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறி வந்தேன். என் வாய் சொன்னது: "இல்லை, நன்றி. வீட்டில் எல்லாரும் நலம்."

சொல்லி முடித்ததும் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அவர் இன்னொரு தடவை கேட்பாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தாளைத் திருப்பி அடுத்ததைப் படித்தார். "மாணவியைச் சந்தித்தபோதெல்லாம் உதவி வேண்டுமா என்று கேட்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் மறுத்திருக்கிறார். இது சரிதானே?"

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. "ஒரு தடவைதான் கேட்டார்கள்" என்றேன்.

"ஐந்து முறை என்று இங்கே இருக்கிறதே."

"ஐந்து நாளில், ஒவ்வொரு நாளும் ஒரு தடவை. ஒரே நாளில் மறுபடி கேட்கவில்லை. எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம். அது வேண்டாம் என்று அர்த்தமில்லை. மறுபடி கேட்க வேண்டும். மூன்றாவது தடவைதான் உண்மை வரும்."

இங்கிலீஷில் அதைச் சொன்னபோது எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கினார், கெட்ட எண்ணத்தில் இல்லை. தலைவர் பேனாவை மேஜை மேல் வைத்தார்.

ஜேனட்டின் கண் கலங்கியிருந்தது. "நான் உங்களை நம்பினேன், எஸ்தர்" என்றார். "நீங்கள் வளர்ந்தவர், ஒரு ஆசிரியை. வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகு திரும்பத் திரும்பக் கேட்டால், அது உங்களை அவமதிப்பது ஆகாதா?"

அவரும் மரியாதையைத்தான் செய்திருக்கிறார். அவர் செய்தது அவர் ஊர் மரியாதை, நான் செய்தது என் ஊர் மரியாதை. இரண்டுக்கும் நடுவில் என் படிப்பு செத்துப்போனது. வீட்டு நிலைமையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். என் புருஷன் முதுகு என்று தொடங்கினேன். எல்லாரும் நலம் என்று நீங்களே இப்போதுதானே சொன்னீர்கள் என்று தலைவர் மிகவும் வருத்தத்தோடு கேட்டார். டாக்டர் சான்று ஏதும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை.

வெளியே உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, மிகவும் வருந்துகிறோம், விதிப்படி வேறு முடிவு எடுக்க இயலவில்லை என்றார்கள். நான் நன்றி சொன்னேன். ஜேனட் தாழ்வாரம் வரைக்கும் கூட வந்தார். வீட்டுக்குக் காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மஞ்சள் கதவைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. இந்தத் தடவை அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

7

ரூபியைப் பற்றி இதுவரை ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று விட்டுவைத்தேன். ஐந்து வயதில் வந்தவள். தமிழ் சொன்னால் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். நான் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் கண்ணை உருட்டுவாள். களி கிளறினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள், தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் மலையில் ஒரு பொடி மண் கூட இவள்மேல் ஒட்டவில்லை, இவள் முழுக்க இந்த ஊர்ப் பிள்ளை என்று செல்வராஜிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். அவளாவது எதிலும் திணற மாட்டாள், அது அவள் ஊர், அவள் பாஷை என்று என்னை நானே தேற்றிக்கொள்வதும் உண்டு.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வராஜ் பாயில் படுத்தபடியே தலையை மட்டும் திருப்பினார். "என்ன புள்ள ஆச்சு?"

நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல வாய் வந்தது. அதை விழுங்கினேன். "போச்சுங்க" என்றேன். "வெளிய அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. வகுப்புல ஒக்காந்திருப்பேன், ஒண்ணுமே புரியாது. உங்ககிட்டகூடச் சொல்லல."

அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பாயில் ஓரமாக நகர்ந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றார். பிறகு, "சரி, உடு. இங்க வந்து உக்காரு" என்றார்.

மாடிப்படியில் ரூபி நின்றுகொண்டிருந்தாள். பள்ளி உடுப்பைக்கூட மாற்றவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எனக்கும் புரியல" என்றாள். தமிழில் சொன்னாள்.

"என்ன கண்ணு புரியல?"

"மேத்ஸ். சயின்ஸ். எல்லாமே. போன வருஷத்துல இருந்து."

நான் ஒன்பது வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவள். என் மகளின் நோட்டை நான் திறந்து பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு நினைவில்லை. தினமும் அவள் வந்ததும் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பேன், நன்றாக இருந்தது என்பாள், நான் என் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவேன்.

"உங்க டீச்சர் ஒண்ணும் கேக்கலையா சாமி?"

"கேட்டாங்க. ஹெல்ப் வேணுமான்னு. வேணாம், தேங்க் யூன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

இதென்ன கேள்வி என்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். "நீ யார் கேட்டாலும் அப்படித்தானேம்மா சொல்லுவே" என்றாள்.

அந்த நீள மேஜையின் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரூபி பயந்துபோய் இரண்டு படி இறங்கி வந்து, என் தோளைத் தொட்டு, இங்கிலீஷில், நீ நல்லா இருக்கியா அம்மா என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றேன்.